எந்தப் புழு என்று தெரிய வேண்டும்

கொடைக்கானலுக்கு மூத்த ஊர் வெள்ளகவி. 1845-ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரியார்கள் மலைமேல் வீடு கட்டிக் குடியேறுவதற்கு முன்பே, பெரியகுளம் கும்பக்கரையிலிருந்து மேலேறும் ஒற்றையடிப் பாதையில் அந்த ஊர் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வாகனச் சாலையைக் காணாமல், விளைந்ததைத் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் சந்தைக்கு அனுப்பிய ஊர்; நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிச் சென்ற ஊர். அதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. ஊர் எல்லைக்குள் யாரும் காலணி அணிவதில்லை. வீடுகளும் கோயில்களும் நெருங்கி நிற்பதால் ஊர் முழுவதையுமே சந்நிதியாகக் கருதுகிறார்கள்.

வெறுங்கால், ஈரமண், மரநிழல் என்று கேட்டவுடன் மருத்துவம் அறிந்தவரின் நினைவுக்கு வரும் சொல் கொக்கிப்புழு. 'செருப்பு அணியுங்கள், பூச்சி மாத்திரை சாப்பிடுங்கள்' என்று அறிவுரை சொல்லிவிட்டு மலையிறங்குவது எளிது. ஆனால், இத்தகைய மலைக் கிராமங்களின் குழந்தைகள் வயிற்றில் இருப்பது எந்தப் புழு, அது யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் சொல்லப்படும் அறிவுரை பாதி அறிவுரைதான்.

மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் முட்டை தெரியும். அது கொக்கிப்புழுவின் முட்டை என்றும் சொல்லிவிடலாம். எந்தக் கொக்கிப்புழு என்று மட்டும் சொல்ல முடியாது. நெக்கேட்டர் அமெரிக்கானஸ், ஆன்கைலோஸ்டோமா டியோடினேல், நாய் பூனைகளிடமும் வாழும் ஆன்கைலோஸ்டோமா சிலானிக்கம் ஆகிய மூன்றின் முட்டைகளும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். (பெயர்களை நம்பி ஏமாற வேண்டாம். 'அமெரிக்கக் கொலையாளி' என்று பொருள்படும் பெயர் பெற்ற நெக்கேட்டர்தான் தென்னிந்தியாவில் மிகுதி. மூன்றாவதற்கு, 1911-இல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர்.)

முட்டை ஒன்றுபோல் இருந்தாலும் புழுவின் நடத்தை வேறு. ஒரு நெக்கேட்டர் நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் சுமார் 0.03 மில்லிலிட்டர், டியோடினேல் உறிஞ்சுவது ஏறத்தாழ 0.15 மில்லிலிட்டர். நூறு புழுக்கள் இருந்தால் முன்னது 3 மில்லிலிட்டர், பின்னது 15 மில்லிலிட்டர். ஏற்கெனவே இரும்புச்சத்துக் குறைவான ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாடு, வகுப்பில் விழித்திருப்பதற்கும் சோர்ந்து சாய்வதற்கும் உள்ள வேறுபாடு. நெக்கேட்டர் தோலைத் துளைத்தே உடலுக்குள் நுழைகிறது. டியோடினேலோ தோல் வழியாகவும் வரும், மண் படிந்த கீரையையும் கையையும் பற்றிக்கொண்டு வாய் வழியாகவும் வரும். குளிரையும் அது ஓரளவு கூடுதலாகத் தாங்கும். ஆகவே, செருப்பு முதல் புழுவுக்குப் பெருந்தடை, இரண்டாவதற்கு அரைத்தடை. மலையில் எது வாழ்கிறது என்று தெரியாமல் எந்தத் தடையை நாம் பரிந்துரைப்பது?

இந்த இடத்தில்தான் மரபணு வகைப்படுத்தல் உதவிக்கு வருகிறது. பட்டாணி அளவு மலத்தை எடுத்து, முட்டையின் கடினமான ஓட்டை உடைத்து, உள்ளிருக்கும் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிறார்கள். இனத்துக்கு இனம் மாறுபடும் ஒரு சிறு துண்டை மட்டும் பிசிஆர் முறையில் பலகோடி மடங்கு பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். கொரோனா காலத்தில் ஊரெங்கும் பழகிப்போன அதே பிசிஆர்தான்.

தமிழகத்தில் இது புதிய வேலையும் அன்று. ஜவ்வாது மலையின் பழங்குடிக் கிராமங்களில் மனிதர், நாய், மண் ஆகிய மூன்றிலிருந்தும் மாதிரிகள் எடுத்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கொக்கிப்புழுக்களை இனம் பிரித்தார்கள். முடிவுகள் 2016-இல் வெளியாயின. மனிதர்களிடம் நெக்கேட்டரே மேலோங்கியிருந்தது. நாயையும் மண்ணையும் சேர்த்து ஆராய்ந்ததுதான் அந்த ஆய்வின் சிறப்பு. மனிதனுக்கு மட்டும் மாத்திரை கொடுத்துத் தெருநாயை விட்டுவிட்டால் எது மிஞ்சும் என்பதை இப்படித்தான் அறிய முடியும்.

புழுக்களோடு விஷயம் முடியவில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர்கள் குடிநீரிலும் கையிலும் பரவுபவை. ஜியார்டியாவில் ஏ, பி எனப்படும் வகைகள் மனிதரைத் தொற்றுபவை. சி, டி பெரும்பாலும் நாய்க்கும், இ கால்நடைக்கும் உரியவை. வகை தெரிந்தால் தொற்று வந்த வழியும் பெரும்பாலும் தெரிந்துவிடும். வேலூர்க் குழந்தைகளிடம் ஜியார்டியாவில் பி வகையும், கிரிப்டோஸ்போரிடியத்தில் மனிதரிடையே பரவும் ஹோமினிஸ் இனமும் மேலோங்கியிருந்தன. வாசலில் கட்டிய மாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் நம் கழிப்பறையையும் தண்ணீர்க் குடத்தையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். குளோரின் கலந்த நீரிலும் கிரிப்டோஸ்போரிடியம் பிழைத்திருக்கும்; கொதிக்கவைத்தால் சாகும். ஆப்பிரிக்க, ஆசியக் குழந்தைகளிடையே நடந்து 2013-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, ஒரு வயதுக்கு உட்பட்டோரின் கடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸுக்கு அடுத்த காரணமாக இதையே கண்டது. இதற்கு அல்பெண்டசோல் மருந்தன்று.

அந்த அல்பெண்டசோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 பிப்ரவரியில் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் நம் பொதுச் சுகாதாரத்தின் நல்ல முயற்சிகளில் ஒன்று. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு ஒரு மாத்திரை, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரை மாத்திரை. தமிழகத்தில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் நீங்கலாக, சேர்த்துக்கொண்டார்கள். ஆனால், ஒரே வேளை மாத்திரை உருண்டைப்புழுவை நூற்றில் 95 பேரிடம் ஒழிக்கிறது. கொக்கிப்புழுவைச் சுமார் 80 பேரிடம். சாட்டைப்புழுவைச் சுமார் 30 பேரிடம் மட்டுமே. மேலும், உருண்டைப்புழு குழந்தைகளிடம் மிகுதி என்றால் கொக்கிப்புழு வயது ஏற ஏறக் கூடுவது. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் நாற்பது வயது ஆணும் ஐம்பது வயதுப் பெண்ணும் மாத்திரைப் பட்டியலில் இல்லை. அவர்களிடமிருந்து மண்ணுக்குப் போகும் முட்டை அடுத்த ஒன்றிரண்டு வாரங்களில் புழுவாகிக் குழந்தையின் காலுக்குக் காத்திருக்கிறது. எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று பார்க்க, பெனின், மலாவி நாடுகளோடு தமிழகத்தின் திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளிலும் 'டிவார்ம்3' ஆய்வு 2017-இல் தொடங்கப்பட்டது. அதன் வெற்றி தோல்வியை அளக்கும் கோலும் பிசிஆர்தான். முட்டை அரிதான நிலையில் நுண்ணோக்கி ஏமாற்றிவிடும்.

ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் எதிர்ப்பு உருவாகுமோ என்ற கவலையும் உண்டு. தமிழ்நாட்டுச் செம்மறியாட்டுப் பண்ணைகளில் இதே குடும்ப மருந்துகளுக்குக் குடற்புழுக்கள் பணியாமல் போனது கால்நடை மருத்துவர்கள் அறிந்த செய்தி. புழுவின் பீட்டா டியூபுலின் மரபணுவில் 167, 198, 200 ஆகிய மூன்று இடங்களில் நேரும் மாற்றங்களே அதன் அடையாளம். மனிதப் புழுக்களில் அந்த மாற்றங்கள் பெருகுகின்றனவா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது, மருந்து முற்றாகத் தோற்கும் வரை காத்திருப்பதைவிட மலிவு.

ஒவ்வொரு குழந்தைக்கும் மரபணுச் சோதனை வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; அது வீண்செலவு. ஊருக்குச் சில பத்து மாதிரிகள், எல்லா வயதிலிருந்தும், கூடவே சில நாய்களிடமிருந்தும் எடுத்தால் போதும். சாலையில்லாத ஊர்களுக்கு இம்முறை இன்னும் பொருத்தம். நுண்ணோக்கிச் சோதனைக்கான மலத்தில் கொக்கிப்புழு முட்டை சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். மலையிறங்குவதற்குள் விடை தொலைந்துபோகும். சாராயச்சத்தில் இட்ட மாதிரியோ குளிர்பெட்டி இல்லாமலேயே பல நாள் தாங்கும். வாரம் ஒருமுறை ஏறியிறங்கும் சுகாதாரச் செவிலியரின் பையில் அந்தச் சிறு குழாய்கள் அடங்கும்.

காலணி விஷயத்துக்கு வருவோம். புழு கோயில் முற்றத்தில் வாழ்வதில்லை. மலம் விழுந்த, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வாழ்கிறது. ஊருக்குள் வெறுங்காலோடு நடக்கும் வழக்கத்தைத் தொடாமலேயே, வீட்டுக்கொரு கழிப்பறையும் தோட்டத்து வேலைக்கு மட்டும் காலணியும் என்று பேச முடியும். மண்ணில் இருப்பது தோலைத் துளைக்கும் நெக்கேட்டர்தான் என்று சோதனை சொன்னால் இவ்வளவு போதும். டியோடினேலும் இருக்கிறது என்றால், கீரையைக் கழுவுவதையும் கை கழுவுவதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.