சிவப்பு உப்பு வந்த வழி

உரம் போடப் போகும் நம் தோட்டத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். "அந்தச் செவப்பு உப்பு இருக்கே, கையில சின்னக் கீறல் இருந்தாலும் எரிஞ்சி கொல்லும்" என்பார்கள். செம்பனைக்குப் போடும் பொட்டாஷைத்தான் சொல்கிறார்கள். உப்பு என்றது தப்பே இல்லை. கடல் உப்புதான் அது. எந்தக் கடல்?

மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. எல்லாம் கப்பலில் வருவதுதான். உலகிலேயே அதிகமாக வெட்டி எடுப்பது கனடா. அங்கே சஸ்காச்சுவான் மாநிலத்தில் இன்று கோதுமை விளையும் சமவெளி, 38 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலாக இருந்தது. வெளிக்கடலின் தொடர்பு குறைந்து, வெயிலில் நீர் வற்றியது. முதலில் படிந்தது சாதாரண உப்பு. கடைசியாக மிஞ்சிய குழம்பில் படிந்ததே பொட்டாஷ். கொஞ்சம் இரும்புத் துரு கலந்ததால் சிவப்பு. அதன்மேல் பாறை மூடி மூடி, இப்போது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

அதை யாரும் தேடிப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. 1940-களின் தொடக்கத்தில் எண்ணெய்க்காகத் துளை போட்டவர்கள் கண்ணில் பட்டது. பிறகுதான் தேடல் மும்முரமானது. பொட்டாசியத்துக்கு இயற்கையிலேயே மெல்லிய கதிர்வீச்சு உண்டு. துளைக்குள் கருவியை இறக்கினால் படிவம் எங்கே என்று காட்டிவிடும். பாறை மாதிரி எடுக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் ஆகாது. மாதிரியே கரைந்துபோகும். உப்பு நிறைந்த நீரைத்தான் விட வேண்டும்.

தண்ணீர்தான் அந்தச் சுரங்கத் தொழிலாளரின் பெரிய பகை. உப்புக்கு மேலே நீர் ஊறும் மணல் அடுக்கு ஒன்று உண்டு. பேஷன்ஸ் லேக் சுரங்கம் 1958-இல் தொடங்கி, நீர் புகுந்ததால் மறு ஆண்டே நின்றது. மறுபடி ஓட 1965 ஆயிற்று. எஸ்டர்ஹேசியில் அந்த மணலையே உறைய வைத்து, குழிச்சுவருக்கு இரும்பு வளையம் அடுக்கி இறங்கினார்கள்; 1962-இல் உப்பு மேலே வந்தது. பேஷன்ஸ் லேக்கை வெள்ளம் விடவில்லை. 1987-இல் மூழ்கியது. பிறகு அங்கே ஆள் இறங்காமல், உப்புநீரை உள்ளே விட்டுக் கரைத்தே எடுக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு வந்த உப்பை, வானம் கறுத்திருக்கும்போதே "சீக்கிரம் போட்டு முடி" என்று மண்டோர் விரட்டினால், ராத்திரி மழையோடு அது ஓடைக்குப் போய்விடும். அடுத்த வருஷம் கீழ்மட்டையில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து, குலையும் சிறுத்தால் "ஒழுங்கா உரம் போடலை" என்ற பழி நம் பெண்கள் தலையில். மழை மிரட்டும் நாளில், பெரட்டிலேயே வாய் திறந்து சொல்லுங்கள். கையுறையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.