விமானத்தில் எலக்ட்ரானிக் பொருள் வாங்கலாமா?

வெளிநாட்டு விமானப் பயணத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துச் சென்ற பிறகு, பணியாளர்கள் இன்னொரு தள்ளுவண்டியுடன் வருவதுண்டு. சென்ட், சாக்லேட், கைக்கடிகாரம் ஆகியவற்றோடு ஹெட்போன், பவர் பேங்க், டிராவல் அடாப்டர் போன்றவையும் அதில் இருக்கும். முன் இருக்கையின் பையில் இவற்றின் படங்களுடன் ஒரு வண்ணப் புத்தகமும் இருக்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இவற்றில் ஏதாவது ஒன்றின் மேல் நிச்சயம் கண் போகும். வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அட்டைப் பெட்டியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். நான் படிக்காமல் வாங்கியவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அலுவலக வேலை முடிந்து ஊர் திரும்பியபோது, விமானத்தில் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று வாங்கினேன். விழுப்புரம் பக்கம் கிராமத்தில் இருக்கும் அப்பா, அம்மாவுக்காக வாங்கியது. மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் போன் இயங்கும் அல்லவா? அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஊரில் கரண்ட் இல்லை. மறுநாள் முழுவதும் இருவர் போனும் ஸ்விட்ச் ஆஃப். சென்னையில் இருந்த எனக்கு அன்று இரவு தூக்கமே இல்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரர் போனில் அம்மா பேசினார். "நீ வாங்கிக் கொடுத்ததுல ஒரு லைட்கூட எரியலப்பா" என்றார்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, அந்த மாடல் இந்தியாவில் விற்கப்படாதது. வாரண்டி இங்கே செல்லாது. இரண்டு, பல மாதங்கள் சார்ஜ் செய்யாமல் பீரோவில் வைத்திருந்ததால் பேட்டரி அடியோடு இறங்கிக் கெட்டுவிட்டது. இரண்டையும் முன்பே அறிந்திருக்க வேண்டியவன் நான்தான்.

வானத்தில் கடை

விமானத்தில் பொருள் விற்பது பழைய வியாபாரம். அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய ஸ்கைமால் என்ற நிறுவனம், தன் பொருள் பட்டியல் புத்தகத்தை உள்நாட்டு விமானங்களின் இருக்கைப் பைகளில் வைத்தது. பயணிகள் விதவிதமான எலக்ட்ரானிக் சாதனங்களை அதில் பார்த்து ஆர்டர் செய்தார்கள். பொருள் பின்னர் வீட்டுக்கு வந்து சேரும். பயணிக்குப் படிக்க வேறு எதுவும் இல்லை, விலையை ஒப்பிட வேறு கடையும் இல்லை என்பதே இந்த வியாபாரத்தின் பலம். 2013-ல் அமெரிக்க விமானத் துறை, பயணம் முழுவதும் டேப்லெட் போன்ற சாதனங்களைப் பயன்படுத்த வழிவிட்டது. விமானங்களில் வைஃபையும் பரவியது. 2015 ஜனவரியில் ஸ்கைமாலின் தாய் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. எலக்ட்ரானிக் பொருட்களை விற்ற புத்தகத்தை எலக்ட்ரானிக் பொருட்களே ஓரங்கட்டிவிட்டன!

நமக்கும் இதில் பாடம் உண்டு. விமானத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால், பொருளின் மாடல் எண்ணையும் நம் ஊர் விலையையும் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

"ட்யூட்டி ஃப்ரீ" என்றால் என்ன?

விற்கும் இடத்தில் வரி போடவில்லை என்பதுதான் இதன் பொருள். இந்தியாவில் இறங்கும்போதும் வரி இல்லை என்று அர்த்தம் அல்ல. நீங்கள் கொண்டுவரும் மற்ற பொருட்களுடன் இதன் விலையும் சேர்த்துக் கணக்கிடப்படும். சுங்கத் துறை அனுமதிக்கும் அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும். எனவே பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பணம் கட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பல விமானங்களில் கார்டு தேய்க்கும் கருவி அப்போதே வங்கியுடன் பேசுவதில்லை. விவரத்தைச் சேமித்து வைத்து, தரையிறங்கிய பிறகே அனுப்புகிறது. அதனால் எஸ்எம்எஸ் தாமதமாக வரலாம். வந்ததும் பில் தொகையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பெட்டியில் என்ன படிக்க வேண்டும்?

வோல்டேஜ்: இந்தியாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். சார்ஜரில் "இன்புட் 100-240 வோல்ட்" என்று இருந்தால் இரண்டு ஊரிலும் வேலை செய்யும். 120 மட்டும் இருந்தால் இங்கே செருகக் கூடாது, புகைந்துவிடும். டிராவல் அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. பலர் ஏமாறும் இடம் இதுதான்.

பவர் பேங்க் கொள்ளளவு: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போனை நான்கு முறை சார்ஜ் செய்யும் என்று கணக்குப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் அளவில் சொல்லப்படும் எண் அது. வெளியே 5 வோல்ட்டாக மாறும்போது சுமார் 14,800 ஆகிவிடும். வெப்பமாகவும் கொஞ்சம் வீணாகும். இரண்டரை முதல் மூன்று முறை சார்ஜ் ஆனாலே நல்ல பவர் பேங்க்தான்.

லேப்டாப்புக்கும் ஆகுமா? யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பாக இருக்க வேண்டும். பவர் பேங்கில் "பவர் டெலிவரி" வசதி இருக்க வேண்டும். அதன் வாட் அளவும் லேப்டாப் சார்ஜரின் அளவுக்கு அருகில் இருக்க வேண்டும். போனுக்கான சாதாரண பவர் பேங்க் லேப்டாப்புக்குப் போதாது.

புளூடூத் ஹெட்போன்: பல பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் புளூடூத் இருக்காது. அப்படியானால் யுஎஸ்பி புளூடூத் டாங்கிள் ஒன்று தனியாக வாங்க வேண்டும். 3.5 எம்எம் கேபிளும் சேர்த்துத் தரும் மாடல் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

வாரண்டி: "இன்டர்நேஷனல் வாரண்டி" என்று இருக்கிறதா, இந்தியா அதில் அடங்குமா என்று பாருங்கள். இந்தியாவில் விற்பனைக்கு வரும் பவர் பேங்குகளில் பிஐஎஸ் பதிவு எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்கான மாடலில் அது இல்லாமல் இருக்கலாம்.

விமானத்தில் வாங்கியதை விமானத்தில் பயன்படுத்தலாமா?

ஹெட்போனைப் பயன்படுத்தலாம். பவர் பேங்க் விஷயம் வேறு. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன் தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சந்தேகிக்கப்பட்டது. அதன் பின் பல நிறுவனங்கள் விதிகளை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க் பயன்படுத்தத் தடை விதித்தன. பவர் பேங்கை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் அவருக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் அவர்தான் என்பதால் கவலை இல்லை.

கடைசியாக ஒன்று. அவசரத்துக்கு என்று பவர் பேங்க் வாங்கி வைத்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சார்ஜ் செய்யுங்கள். பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்தால் அந்தத் தேதியை உங்கள் போனில் நினைவூட்டலாக வையுங்கள். நான் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அம்மாவுக்குப் போன் செய்து, "நாலு லைட்டும் எரியுதாம்மா?" என்று கேட்கிறேன். இந்தப் பவர் பேங்க் விழுப்புரத்திலேயே பில் போட்டு வாங்கியது.