‘ம்ம்ம்...’ எங்கிருந்து வருகிறது?



ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் பெரிய ஸ்டுடியோவின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இன்று ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக் இருந்தால் போதும், ஹாஸ்டல் ரூமே ஸ்டுடியோதான்! ஆனால் பாடி முடித்து ஹெட்போனை மாட்டினால், பாட்டுக்குப் பின்னால் அழையா விருந்தாளியாக ‘ம்ம்ம்...’ என்று ஒரு சத்தம் உட்கார்ந்திருக்கும்.

உடனே நம்மில் பலர் செய்வது என்ன? சாஃப்ட்வேரில் ஃபில்டரைத் தேடுவோம். இல்லையென்றால், ‘எர்த் பின்னைப் பிடுங்கிடு மச்சி, சத்தம் போயிடும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்போம். முதலாவது பாட்டைக் கெடுக்கும். இரண்டாவது ஆளையே கொல்லும். இரண்டுமே வேண்டாம். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. அதைக் கண்டுபிடித்து அங்கேயே நிறுத்துவதுதான் டெக்னீஷியன் வேலை. வாங்க, ஒரு கை பார்ப்போம்!

காது தரும் துப்பு

முதலில் சும்மா கேளுங்கள். ஆழமான ‘ம்ம்ம்’ என்றால் அது நம் மெயின்ஸ் சப்ளையின் 50 ஹெர்ட்ஸ். பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கலாம், அல்லது கிரவுண்ட் லூப்பாக இருக்கலாம். அதைவிடச் சற்று மேலே 100 ஹெர்ட்ஸில் கேட்டால், ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் பாடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ்தானே? பழைய ஆம்ப்ளிஃபையரில் ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்து போயிருக்கலாம்.

‘ஜ்ர்ர்ர்’ என்று அரம் போடுவது போலிருந்தால், ட்ரையாக் வைத்த ஃபேன் ரெகுலேட்டரையோ லைட் டிம்மரையோ சந்தேகப்படுங்கள். மவுஸை அசைக்கும்போது ‘கீச்’ மாறினால், சத்தம் கம்ப்யூட்டர் வழியாக வருகிறது. ‘டட்டட்... டட்டட்’ என்றால் 2ஜி-யில் இயங்கும் செல்போன். அது நொடிக்குச் சுமார் 217 முறை துடிப்பாக ஒலிபரப்பும். எடுத்து அடுத்த ரூமில் வையுங்கள்.

‘ஸ்ஸ்ஸ்’ என்ற ஹிஸ் மட்டும் வேறு ஜாதி. ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைவதில் பிறப்பது அது. பெல் லேபில் ஜான்சன் அதை அளந்து, நைக்விஸ்ட் விளக்கி, 1928-ல் வெளியிட்டார்கள். அதை முழுக்க ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம். மைக்குக்கு அருகில் பாடுங்கள். முதல் ப்ரீ-ஆம்ப்பிலேயே கெயினைச் சரியாக வையுங்கள். அங்கே குறைத்துவிட்டுப் பின்னால் ஏற்றினால், பின்னால் உள்ள ஸ்டேஜ்களின் ஹிஸ்ஸும் சேர்ந்து ஏறும்.

ஒவ்வொன்றாகக் கழற்று

அடுத்தது, எலிமினேஷன். இன்டர்ஃபேஸின் கெயினைக் குறைத்துக்கொண்டு, இன்புட் கேபிள்கள் எல்லாவற்றையும் உருவி விடுங்கள். பிறகு கெயினைப் பழைய இடத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் இன்னும் இருக்கிறதா? அப்படியானால் குற்றவாளி இன்டர்ஃபேஸ், யூஎஸ்பி, சப்ளை ஆகிய மூன்றில் ஒன்று. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். போயிடுச்சா? சார்ஜர்தான்! டூ பின் சார்ஜரில், மெயின்ஸ் பக்கத்தையும் அவுட்புட்டையும் இணைக்கும் சின்ன கெபாசிட்டர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் கசியும். பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள், அல்லது லேப்டாப் கம்பெனியின் த்ரீ பின் சார்ஜரை எர்த் உள்ள சாக்கெட்டில் போடுங்கள்.

கேபிளை உருவியதும் சத்தம் நின்றுவிட்டால், ஒவ்வொரு கேபிளாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது சத்தம் வருகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. கிட்டாரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஹம் கூடிக் குறைந்தால், பிக்கப் காயில் ஏதோ ஒரு காந்தப்புலத்தை வாங்குகிறது. கிட்டாரை டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து தள்ளி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை நோட்டில் எழுத வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது காரணம் என்று பிரம்மாவுக்கும் தெரியாது!

கிரவுண்ட் லூப்

லேப்டாப் ஒரு சாக்கெட்டில், ஆம்ப்ளிஃபையர் வேறொரு சாக்கெட்டில். இரண்டுக்கும் எர்த் உண்டு. நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டும் இரண்டையும் இணைக்கிறது. ஆக, ஒரு பெரிய வளையம் தயார். அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சுற்றும்.

ஒரு சின்னக் கணக்கு. ஷீல்டின் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம், சுற்றும் கரண்ட் 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 1 மில்லி வோல்ட் ஹம். சாதாரண லைன் சிக்னல் சுமார் 316 மில்லி வோல்ட். வித்தியாசம் 50 டெசிபல்தான். பாட்டு நிற்கும் இடத்தில் ஹம் தெளிவாகக் கேட்கும்.

மருந்து என்ன? எல்லாக் கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள். முடிந்த இடத்தில் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரண்டு கம்பியிலும் ஹம் சமமாக ஏறும், டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் அதைக் கழித்துவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சிஎம்ஆர்ஆர் இதுதான்! அதுவும் போதாவிட்டால், சிக்னல் லைனில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

எர்த்தில் மட்டும் கை வைக்காதீர்கள்!

எர்த் பின்னைப் பிடுங்கினால் லூப் அறுந்து ஹம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நாளை ஒரு பேஸ் ஒயர் உள்ளே கழன்று பெட்டியைத் தொட்டால்? எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லையென்றால் மைக்கிலோ கிட்டார் கம்பியிலோ 230 வோல்ட் உங்களுக்காகக் காத்திருக்கும். கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாதம் தன் வீட்டிலேயே கிட்டார் வாசிக்கையில் மின்சாரம் தாக்கி இறந்தார். இருவரும் முப்பதுகளில்கூடச் சரியாக வாழவில்லை.

ஆகவே கிட்டாரும் மைக்கும் சேர்ந்த பதிவு என்றால், கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் தொடாமல் சுவிட்சை அணைத்து, முதலில் எர்த்தைச் சரி பாருங்கள்.

ஃபில்டர் கடைசியில்

இவ்வளவுக்கும் பிறகு மிச்சம் இருந்தால்தான் ஃபில்டர். ஹம் 50-உடன் நிற்காது, 100, 150 என்று அடுக்கடுக்காக வரும். இரண்டு கட்டை சுருதியில் ஆண் குரலின் ஆதார சட்ஜம் சுமார் 147 ஹெர்ட்ஸ். 150-ஐ வெட்டப் போனால் சட்ஜமும் சேர்ந்து அடிபடும்!

எனவே நண்பர்களே, காதால் கேளுங்கள், ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எர்த்தை விட்டுவிடாதீர்கள். சத்தம் இல்லாத பாட்டும் ஆபத்து இல்லாத ரூமும் உங்களுக்கு அமையட்டும்!