அடைத்த காற்று ஆளைக் கொல்லும்!

காற்று கண்ணுக்குத் தெரியாது. கையில் பிடிக்க முடியாது. ஆனால் அதை ஒரு கலத்தில் அடைத்து அமுக்கினால், ஓடுகிற லாரியை நிறுத்தும். பூமிக்கு அடியில் கிடக்கும் தண்ணீரை மேலே தூக்கும். கலம் உடைந்தாலோ, பக்கத்தில் நிற்பவரின் உயிரையும் குடிக்கும்!

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் போனால், காற்று செய்யும் வேலையை நேரில் பார்க்கலாம். அங்கே மாந்தோப்புகளுக்கு நடுவே ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. கம்ப்ரசர் வைத்த கிணற்றில் குழாய் வழியே காற்று கீழே போகிறது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது. ரோட்டு ஓரப் பஞ்சர் கடையிலும் காற்றுதான் மூலதனம். தொழிற்பேட்டையில் திருகாணி முடுக்குவதற்கும் காற்றுதான்.

பவுண்டு கணக்கு

"முப்பது பவுண்டு காற்று பிடி" என்று பஞ்சர் கடையில் சொல்வார்கள். அது என்ன கணக்கு?

ஏறக்குறைய ஒரு தபால் தலை அளவு இடம், அதாவது 1 சதுர அங்குலம். அந்த இடத்தின் மீது 30 பவுண்டு எடை அழுத்துகிறது என்று அர்த்தம். கார் டயருக்கு இது போதும். லாரி டயருக்கு 100 பவுண்டுக்கு மேலும் தேவைப்படும்.

இவ்வளவு அழுத்தம் இருந்தும் ஏன் ஆபத்து நேருவதில்லை? காரணம் இரண்டு. ஒன்று, அடைத்து வைக்கும் கலம் அதற்கென்றே செய்யப்பட்டது. இரண்டு, அளவு மீறினால் திறந்து கொள்ளும் வால்வு இருக்கிறது.

விசில் சொல்லும் பாடம்

வால்வின் அருமை வீட்டுப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். அடுப்பில் இருக்கும் பிரஷர் குக்கர்தான் சாட்சி! உள்ளே நீராவி 15 பவுண்டு அளவை எட்டியதும், மேலே இருக்கும் வெயிட் தூக்கிக்கொள்கிறது. விசில் வருகிறது. அந்த வழி அடைத்துக்கொண்டால், மூடியில் இருக்கும் இன்னொரு வால்வு திறந்து நீராவியை வெளியே விடுகிறது. இப்படி ஒரு காவலுக்கு இரண்டு காவல்! ஓசூரில் குக்கர் செய்யும் பிரஸ்டீஜ் ஆலையும் உண்டு. லாரி செய்யும் அசோக் லேலண்ட் ஆலையும் உண்டு. லாரியின் ஏர் பிரேக் டாங்கிக்கும் இதே மாதிரி காவல் வால்வு உண்டு.

இந்த யோசனை புதிது அல்ல. பிரெஞ்சு நாட்டு அறிஞர் டெனிஸ் பாப்பின் 1679-ம் ஆண்டு நீராவியால் சமைக்கும் கலம் ஒன்றைச் செய்தார். அது வெடிக்காமல் இருக்க, எடை வைத்த வால்வைப் பொருத்தினார்.

விபரீத விளையாட்டு

இந்தக் காவல் எதுவும் இல்லாமல் காற்றை அடைத்தால் என்ன ஆகும்?

பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் காற்றை அடைத்து, வீட்டிலேயே துப்பாக்கி செய்யும் மோகம் பல நாடுகளில் உண்டு. செய்பவர்கள், எந்த வால்வு வேகமாகத் திறக்கும் என்று தேடுகிறார்கள். எந்த வால்வு உயிரைக் காக்கும் என்று தேடுவது இல்லை!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 4 அங்குலக் குழாயின் கடைசியில் ஒரு மூடி ஒட்டியிருக்கிறது. அதன் பரப்பு சுமார் 12½ சதுர அங்குலம். உள்ளே 100 பவுண்டு காற்று இருந்தால், மூடியைத் தள்ளும் பலம் 1,250 பவுண்டு. அதாவது சுமார் 570 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் எருமைக் கடாவின் எடை! அத்தனையையும் தாங்கி நிற்பது கொஞ்சம் பசை.

"குழாயில் 6 கிலோ என்று அச்சடித்திருக்கிறதே, தாங்காதா?" என்று கேட்கலாம். அந்த 6 கிலோ தண்ணீருக்கு உரியது, காற்றுக்கு அல்ல. அதுவும் 27 டிகிரி வெப்பத்தில் கணக்கிட்டது. வெயிலில் சூடேறினால் குழாயின் பலம் குறைந்துவிடும். பல நாள் வெயிலில் கிடந்தால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

தண்ணீரும் காற்றும்

தண்ணீரை அமுக்கினால் அது அநேகமாகச் சுருங்குவது இல்லை. ஆகவே குழாய் விரிந்ததும் அழுத்தம் தீர்ந்துவிடும். தண்ணீர் பீய்ச்சி அடிப்பதோடு சரி. காற்று அப்படி அல்ல. இழுத்துக் கட்டிய வில் மாதிரி அது சுருங்கிக் கிடக்கிறது. வழி கிடைத்ததும் ஒரே நொடியில் விரிந்து, குழாயைச் சில்லுச் சில்லாகச் சிதற அடிக்கிறது. பிளாஸ்டிக் சில்லு உடம்பில் பாய்ந்தால், எக்ஸ்ரே படத்தில்கூட எளிதில் தெரியாது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத் தொழிற்சாலை ஒன்றில், காற்று சென்ற பி.வி.சி. குழாய் வெடித்து ஒரு தொழிலாளி காயம் அடைந்தார். இத்தகைய குழாயில் காற்றை அனுப்புவதன் ஆபத்து குறித்து அந்த நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு இலாகா 1988-ம் ஆண்டு எச்சரித்தது.

தொழிற்சாலைகளில் காற்று டாங்கியைச் சோதிக்கும்போதுகூட தண்ணீரை நிரப்பித்தான் சோதிக்கிறார்கள். உடைந்தாலும் உயிர்ச்சேதம் வரக்கூடாது என்பதற்காகத்தான்!

பட்டாளமே கைவிட்டது

சுமார் 1780-ம் ஆண்டில் ஆஸ்திரியப் பட்டாளம் காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தியது. அதை அமைத்தவர் ஜிரார்டோனி. துப்பாக்கியின் பின்கட்டையே காற்று அடைக்கும் இரும்புக் கலம். அதை நிரப்ப, பம்பை சுமார் 1,500 தடவை அடிக்க வேண்டும். கலத்தையும் வால்வையும் பழுதில்லாமல் வைத்திருப்பது பெரும் பாடாக இருந்தது. கடைசியில் அந்தத் துப்பாக்கி கைவிடப்பட்டது. தேர்ந்த கொல்லர்கள் இருந்த பட்டாளத்துக்கே அந்தக் கதி!

திருவிழாவில் பலூன் சுடும் துப்பாக்கி வேறு ரகம். அதில் காற்றை அடைத்து வைப்பது இல்லை. விசையை அழுத்தும்போது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாய்ந்து அந்த நேரத்துக்கு மட்டும் காற்றை அமுக்குகிறது.

சட்டமும் சும்மா விடாது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் துவாரம் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்சு வேண்டும். குண்டின் சக்தி 20 ஜூலைத் தாண்டினாலும் அப்படியே. லைசென்சு இல்லாமல் ஆயுதம் தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தண்ணீர்க் குழாயில் யாரும் காற்றை அடைக்க விடாதீர்கள். லாரி டயருக்குக் காற்று பிடிக்கும்போது, சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். குக்கரின் பழைய வால்வை மாற்றத் தயங்காதீர்கள். பட்டறையில் தூசி ஊதும் காற்றுக் குழாயை விளையாட்டுக்குக்கூட ஒருவர் உடம்பின் மீது வைக்கக்கூடாது. அந்த விளையாட்டால் குடல் கிழிந்து செத்தவர்கள் இந்தியாவில் உண்டு.

தோப்பில் பறவையை விரட்டத் தகர டப்பா போதும். பிள்ளைகள் குழாயும் பசையும் பம்பும் சேர்த்து வைத்திருந்தால், பெற்றோர் இன்றே கேட்டுவிடுவது நல்லது.