ஜி.எம்.முக்கு 40 ஜி.பி.!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆபீஸே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற நேரம். அப்போதுதான் மேனேஜருக்கு ஞாபகம் வரும். சிஸ்டம்ஸ் பையனைக் கூப்பிடுவார்.

''தம்பி, ஜி.எம். மெயில்பாக்ஸை புது சர்வருக்கு மாத்திடுப்பா. அப்படியே மத்த பெரிய ஆளுங்களோடதையும் சேர்த்து மாத்திடு. திங்கட்கிழமை காலைல ரெடியா இருக்கணும்.''

''மொத்தம் எவ்வளவு சார் இருக்கும்?''

''என்ன, ஒரு பத்து பேரு. ஆளுக்கு 40 ஜி.பி. புது டிஸ்க்குலதான் 500 ஜி.பி. சும்மா கிடக்கே!''

பத்து நாற்பது 400. ஐந்நூறில் நானூறு போனால் மிச்சம் 100. மூணாங்கிளாஸ் கணக்கு. இந்தக் கணக்கை நம்பி வேலையை ஆரம்பித்தால், ஏழாவது மெயில்பாக்ஸ் பாதி தாண்டுவதற்குள் டிஸ்க் நிரம்பிவிடும். மெயில் நின்றுவிடும்.

எப்படி? கணக்குப் புத்தகம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நானும் பி.காம்.தான். கம்ப்யூட்டர்காரர்கள் என்னமோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வார்கள். விஷயம் நம்ம ஃபர்ஸ்ட் இயர் பாடம்.

முதலில் குறிப்பேடு, அப்புறம்தான் பேரேடு

எந்த வியாபாரத்திலும் நேரடியாகப் பேரேட்டில் கை வைக்க மாட்டோம். நடந்ததை நடந்த வரிசையில் குறிப்பேட்டில் எழுதுவோம். அப்புறம் சாவகாசமாகப் பேரேட்டில் பதிவோம். பேரேட்டில் ஏதாவது தகராறு என்றால் குறிப்பேட்டைப் பார்த்துச் சரி செய்யலாம்.

1996-ல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரும் இதையேதான் செய்கிறது. சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனிகள் நிறைய இதைத்தான் வைத்திருக்கின்றன. ஒரு மெயில் வந்தால் முதலில் 'லாக்' என்ற குறிப்பேட்டில் எழுதும். பிறகுதான் டேட்டாபேஸ் என்கிற பேரேட்டில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனால் லாக்கைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குறிப்பேடு ஒவ்வொன்றும் சின்ன நோட்டு. எக்ஸ்சேஞ்ச் 2003 வரை ஒரு நோட்டு 5 எம்.பி. எக்ஸ்சேஞ்ச் 2007-லிருந்து 1 எம்.பி. ஒரு நோட்டு தீர்ந்தால் அடுத்தது. பழைய நோட்டுகளை அது தானாகக் கிழித்துப் போடாது. முறையாக ஒரு பேக்கப் எடுத்து முடித்த பிறகுதான் அழிக்கும். ஆடிட் முடியும் வரை வவுச்சரைத் தூக்கிப் போடாத நல்ல குமாஸ்தா!

இப்போது ஜி.எம். விஷயத்துக்கு வருவோம். ஒரு மெயில்பாக்ஸை இடம் மாற்றுவது என்பது பீரோவைத் தூக்கி அடுத்த ரூமில் வைக்கிற வேலை இல்லை. புது டேட்டாபேஸைப் பொறுத்தவரை, 40 ஜி.பி. மெயில் ஒரே ராத்திரியில் புதிதாக வந்து இறங்குகிறது. ஒவ்வொரு கடிதத்தையும் குறிப்பேட்டில் எழுதித்தான் ஆகவேண்டும். ஆகவே பேரேட்டில் 40 ஜி.பி. ஏறும்போது லாக்கிலும் ஏறக்குறைய 40 ஜி.பி. சேரும். அதாவது சுமார் 40 ஆயிரம் நோட்டு.

லாக்கும் டேட்டாபேஸும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் ஆளுக்கு 80 ஜி.பி. ஆறு பேர் முடிந்ததும் 480. மேனேஜரின் 500-ல் ஏழாவது ஆளுக்கு இருப்பது 20 ஜி.பி.தான். முடிந்தது கதை.

பழைய வீட்டு அட்வான்ஸ்

''போகட்டும், பழைய டிஸ்க்கிலாவது இடம் காலியாகுமே?'' என்பார்கள். ஆகாது சார்.

வீட்டைக் காலி செய்தவுடனே எந்த ஹவுஸ் ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தருகிறார்? பழைய டேட்டாபேஸும் அப்படித்தான். மாறிப்போன மெயில்பாக்ஸின் பழைய பிரதியை, யாரும் செட்டிங்கை மாற்றாவிட்டால், 30 நாள் வைத்திருக்கும். புது இடத்தில் ஏதாவது கோளாறு ஆனால் உதவட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த 30 நாளும் இடம் இடம்தான்.

சரி, 30 நாள் கழித்து? பிரதி போய்விடும். ஆனால் டேட்டாபேஸ் ஃபைல் ஒரு எம்.பி.கூட இளைக்காது! உள்ளே வெற்றிடம் உண்டாகும். புதிதாக வரும் மெயில்கள் அந்த வெற்றிடத்தை நிரப்பும். வெளியிலிருந்து டிஸ்க்கைப் பார்த்தால் 400 ஜி.பி. போன அடையாளமே தெரியாது. 200 பக்க நோட்டில் 100 பக்கத்தை ரப்பர் போட்டு அழித்தாலும் நோட்டு 200 பக்கம்தானே?

ஆக, 400 ஜி.பி. மாற்றத்துக்கு ஐந்தொகை போட்டால்: பழைய இடத்தில் 400, புது இடத்தில் 400, லாக்கில் 400. மொத்தம் 1,200 ஜி.பி. டேட்டாபேஸுக்கு இன்னொரு சர்வரில் நகல் வைத்திருந்தால் அங்கேயும் ஒரு 400, ஒரு லாக். மேனேஜர் போட்ட கணக்கில் இதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நிரம்பினால் என்ன ஆகும்?

குறிப்பேட்டில் எழுத இடமில்லை என்றால், எக்ஸ்சேஞ்ச் பேரேட்டையும் மூடிவிடும். 'எழுதாமல் எதையும் வாங்க மாட்டேன்' என்று டேட்டாபேஸ் தானே இறங்கிக்கொள்ளும். இந்த நேரத்துக்கென்றே எக்ஸ்சேஞ்ச் 2003-ல் இரண்டு 5 எம்.பி. ஃபைல்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த இடம் கடையை ஒழுங்காக இழுத்துப் பூட்டுவதற்கு மட்டும். வியாபாரம் பண்ண அல்ல.

அந்த டேட்டாபேஸில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மெயில் கட். நம் கதையில் யார்? ஏற்கெனவே வெற்றிகரமாக மாற்றப்பட்ட ஆறு பேர். அவர்களில் முதலாவதாகப் போனவர்... ஆமாம், ஜி.எம்.!

இந்தப் பதட்டத்தில்தான் விபரீதம் நடக்கும். டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஒரே சைஸ் ஃபைல்கள். 'லாக்' என்று பேர் வேறு. ஏதோ குப்பை என்று நினைத்து மொத்தமாக டெலீட்! போச்சு. பேரேட்டில் இன்னும் ஏறாத பதிவுகள் அந்த நோட்டுகளில்தான் இருந்தன. டேட்டாபேஸ் மறுபடி எழுந்திருக்க அவை கட்டாயம் வேண்டும். இடப் பற்றாக்குறை என்பது அரை நாள் பிரச்னை. லாக்கை அழிப்பது ஆபீஸின் கடிதங்களையே பணயம் வைக்கிற காரியம்.

அதே 500 ஜி.பி.யில் முடிக்கலாம்!

புது டிஸ்க் வாங்க பர்ச்சேஸில் கையெழுத்து கிடைக்காது. தெரியும். இருப்பதை வைத்தே செய்யலாம். அவசரப்படாமல், ஐந்து ராத்திரியாக.

முதல் ராத்திரி மூன்று பேர். டேட்டா 120, லாக் 120. மொத்தம் 240. உடனே பேக்கப். லாக் அழியும். மிச்சம் 120.

இரண்டாம் ராத்திரி இன்னும் மூன்று பேர். டேட்டா 240, லாக் 120. மொத்தம் 360. பேக்கப். மிச்சம் 240.

மூன்றாம் ராத்திரி இரண்டே பேர். டேட்டா 320, லாக் 80. மொத்தம் 400. பேக்கப். மிச்சம் 320.

நான்காம் ராத்திரியும் ஐந்தாம் ராத்திரியும் ஒவ்வொருவர்தான். உச்சபட்சம் ஐந்தாம் ராத்திரி 440. கடைசி பேக்கப்புக்குப் பிறகு 400.

எந்தக் கட்டத்திலும் 60 ஜி.பி.க்குக் குறையாமல் கையிருப்பு. அன்றாடம் வரும் மெயிலுக்கும் அந்தக் கையிருப்பிலிருந்துதான் இடம். இடம் குறையக் குறைய ஆட்களையும் குறைப்பது, இதுதான் சூட்சுமம். பேக்கப்பை மட்டும் அதே டிஸ்க்கில் எடுக்காதீர்கள். அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் வீண்!

''பேக்கப் எதுக்கு? சர்குலர் லாகிங்னு ஒண்ணு இருக்காமே, போட்டா லாக் சேராதாமே?'' என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் குறுக்கே வருவார். உண்மைதான். பேக்கப்புக்குக் காத்திராமல் சர்வரே பழைய நோட்டுகளைக் கழித்துவிடும். ஆனால் அந்த நேரம் டிஸ்க் மண்டையைப் போட்டால், கடைசி பேக்கப் எடுத்த நாளுக்குத்தான் திரும்பிப் போக முடியும். நடுவில் வந்த மெயில் அம்பேல். அதைப் போட்டே தீருவேன் என்றால், முன்னால் ஒரு முழு பேக்கப், முடிந்ததும் அதை நிறுத்திவிட்டு இன்னொரு முழு பேக்கப்.

எக்ஸ்சேஞ்ச் 2010-லிருந்து மெயில்பாக்ஸ் மாறிக்கொண்டிருக்கும்போதே அதன் சொந்தக்காரர் வேலை பார்க்கலாம். கடைசிக் கட்டத்தில்தான் கொஞ்ச நேரம் கதவு சாத்தப்படும். 95 சதவிகிதம் காப்பி செய்துவிட்டு, 'நீ சொல்லும்போது முடிக்கிறேன்' என்று காத்திருக்கவும் வைக்கலாம். நல்ல வசதி. ஆனால் காப்பி ஆன அளவுக்கு இடம் அப்போதே செலவாகிவிட்டது. மறக்கக் கூடாது.

பழைய டேட்டாபேஸ் ஃபைலைச் சுருக்க ஆஃப்லைன் டீஃப்ராக் என்று ஒரு வைத்தியம் உண்டு. அதற்கு டேட்டாபேஸை நிறுத்தவேண்டும். அதன் அளவைப்போல 110 சதவிகிதம் காலி இடமும் வேண்டும். இடம் இல்லை என்றுதானே ஐயா வைத்தியத்துக்கே வந்தோம்? அதைவிட, எல்லோரையும் புது டேட்டாபேஸுக்கு மாற்றிவிட்டு, 30 நாள் பொறுத்து, பழையதை முழுசாக எடுத்துவிடுவது உத்தமம்.

இன்னொரு வேடிக்கை. எக்ஸ்சேஞ்ச் 2010-லிருந்து 2013-க்கோ 2016-க்கோ மாறினால் மெயில்பாக்ஸின் அளவு 30-லிருந்து 40 சதவிகிதம் கூடினதாகக் காட்டும். டிஸ்க்கில் அந்த அளவு கூடியிருக்காது. எதை யார் கணக்கில் எழுதுவது என்ற முறை மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் கோட்டா பார்ப்பது இந்தப் புதுக் கணக்கைத்தான். முன்கூட்டியே கோட்டாவை ஏற்றாவிட்டால், 'மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது' என்று ஜி.எம்.முக்கே எச்சரிக்கை போகும்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. 2019 வைத்திருப்பவர்கள் இருந்த இடத்திலேயே அடுத்ததற்கு ஏறிக்கொள்ளலாம். 2016 வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. மூட்டை கட்டித்தான் ஆகவேண்டும்.

இதில் நம்மைப் போன்ற சாதா குமாஸ்தாக்களுக்கும் பங்கு உண்டு.

* தேவையில்லாத பெரிய மெயில்களை மாற்றத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அழியுங்கள். டெலீட்டட் ஐட்டம்ஸையும் காலி செய்யுங்கள். வழக்கமான செட்டிங்கில், அழித்ததையும் சர்வர் 14 நாள் ஒளித்து வைத்திருக்கும். முந்தின நாள் அழித்தால் அதுவும் கூடவே மூட்டையில் வரும்.

* சென்ட் ஐட்டம்ஸைத் திறந்து பாருங்கள். நாம் அனுப்பிய ஃபைலெல்லாம் அங்கே பத்திரமாகத் தூங்கும்.

* 5 எம்.பி. பர்த்டே போட்டோவை ஆபீஸில் 100 பேருக்கு அனுப்பாதீர்கள். பழைய எக்ஸ்சேஞ்ச் ஒரு டேட்டாபேஸில் ஒரே பிரதியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டும். 2010-லிருந்து அந்தச் சிக்கனம் இல்லை. கேக் ஒன்று, போட்டோ 500 எம்.பி.!

* சிஸ்டம்ஸ் பையன் 'ஐந்து ராத்திரி ஆகும் சார்' என்றால் சோம்பேறி என்று நினைக்காதீர்கள். 'ஒரே ராத்திரி போதும் சார்' என்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மேனேஜர் நம்பாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் டேபிளில் வையுங்கள். ஸ்கேன் பண்ணி எல்லோருக்கும் மெயிலில் மட்டும் அனுப்பாதீர்கள்!