ஒரு பெட்டித் தக்காளி, ஒரு டஜன் பாட்டில்... வீட்டிலேயே சூப்பும் ஃபொகாச்சா ரொட்டியும்!

2023-ம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் தமிழக அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. விலையைப் பார்த்துப் பலரும் நாற்று நட்டார்கள். இரண்டே மாதங்களில் தோட்டத்து விலை 10 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போனால் கையில் எதுவும் நிற்காது. பறிக்காமல் செடியிலேயே விட்டவர்கள் உண்டு, மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு, ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. ஒட்டன்சத்திரம், உடுமலை, பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்து விவசாயிகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

வயிற்றெரிச்சல் அதோடு முடிவதில்லை. டன் கணக்கில் தக்காளி விளைந்த அதே வீட்டில், நாலு மாதம் கழித்துக் கால் கிலோ தக்காளியைக் கடையில் காசு கொடுத்து வாங்குவார்கள். பிள்ளைகள் கேட்டால் சூப் பாக்கெட்டும் சாஸ் பாட்டிலும் கூடவே வரும்.

சமையலறையை வைத்துக்கொண்டு சந்தை விலையைத் தூக்கி நிறுத்த முடியாது. டன் கணக்கில் மிஞ்சும் பழத்துக்குத் தொழிற்சாலையும் அரசின் கொள்முதலும்தான் வழி. ஆனால், ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்கு வேண்டிய தக்காளியை, விலை விழுந்த வாரத்தில் ஒரே நாளில் எடுத்து வைத்துவிட முடியும். தெற்கு இத்தாலியின் கிராமத்துக் குடும்பங்கள் இதைப் பழக்கமாகவே வைத்திருக்கின்றன.

ஆகஸ்ட் மாதத்து டிரம்

இத்தாலியில் தக்காளி வந்து குவியும் மாதம் ஆகஸ்ட். அப்போது பாட்டி முதல் பேரன் வரை ஒன்றுகூடி, பழத்தைக் கழுவி, வேகவைத்து, தோலும் விதையும் நீக்கி அரைத்துப் பாட்டிலில் அடைப்பார்கள். பழைய பீர் பாட்டில்கூட இதற்குப் பயன்படும். பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்க, இடையிடையே கந்தல் துணியைச் செருகி, பெரிய இரும்பு டிரம்மில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி விறகுத் தீயில் கொதிக்க விடுவார்கள். தீ அணைந்த பிறகு அப்படியே ஆற விட்டு, மறுநாள் எடுப்பார்கள். இந்தக் கெட்டிச் சாற்றுக்கு ‘பசாட்டா’ என்று பெயர். சிசிலித் தீவில் இன்னொரு முறை இருக்கிறது. அரைத்த தக்காளியில் உப்புப் போட்டு, மரப்பலகையில் பரப்பி, வெயிலில் கிளறிக் கிளறிக் காயவிட்டு அடர்ந்த விழுதாக்குவார்கள். வற்றல் போடத் தெரிந்த நம் வீடுகளுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

தக்காளியில் 100-க்கு 94, 95 பங்கு தண்ணீர்தான். அதனால்தான் சீக்கிரம் அழுகுகிறது, வண்டி வாடகையையும் தின்கிறது. அமெரிக்காவின் கேம்பெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் டோரன்ஸ் என்ற வேதியியலாளர் 1897-ல் இதைத்தான் பிடித்தார். சூப்பிலிருந்து தண்ணீரைப் பெருமளவு குறைத்து டப்பாவில் அடைத்தார். வீட்டில் போய்த் தண்ணீர் கலந்துகொள்ள வேண்டியது. எடையும் இடமும் குறைந்ததால் விலையும் குறைந்து, தக்காளி சூப் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தத் தொழிற்சாலையை நம்பி நியூஜெர்சி விவசாயிகள் தக்காளி பயிரிட்டார்கள். 1934-ல் வெளியான ‘ரட்கர்ஸ்’ என்ற பெயர்பெற்ற ரகத்தின் பெற்றோர்களில் ஒன்று அந்த நிறுவனம் உருவாக்கிய ரகம்தான்.

சூப் என்றதும் மேல்நாட்டுச் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். ‘மல்லிகட்டானி’ என்று ஆங்கிலேயர்கள் பெருமையாகக் குடிக்கும் சூப்பின் பெயர், நம் மிளகுத்தண்ணீர்தான்.

பாட்டிலில் அடைக்கும் முறை

பழம் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். அளவில் சிறியது, கோணல், வியாபாரி கழித்துப் போட்டது என எதுவும் ஆகும். ஆனால் அழுகல், பூஞ்சணம் பிடித்தது ஆகாது. ‘கொஞ்சம்தானே, வெட்டி எறிந்துவிட்டுச் சேர்க்கலாம்’ என்ற எண்ணமும் வேண்டாம். காயாக இருப்பதை நிழலில் பரப்பி வைத்தால் இரண்டு, மூன்று நாளில் பழுத்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் சரியாகப் பழுக்காது, மணமும் போய்விடும்.

நாட்டு ரகங்களில் சாறும் புளிப்பும் அதிகம். தடித்த தோலுள்ள ஹைபிரிட் ரகங்களில் சதை அதிகம், சீக்கிரம் கெட்டியாகும். பாதிக்குப் பாதி கலந்தால் ருசியும் பதமும் ஒத்துவரும்.

கழுவி, காம்புப் பகுதியை எடுத்து, நாலாக நறுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றாமல் வேகவிட வேண்டும். அலுமினியப் பாத்திரத்தை ஒதுக்கிவிடவும். புளிப்பு அதை அரித்து, ருசியையும் கெடுக்கும். பழம் குழைந்ததும் சல்லடையில் போட்டு மத்தால் தேய்த்தால் தோலும் விதையும் மேலே நின்றுவிடும். கீழே இறங்கிய சாற்றைக் கொஞ்சம் சுண்டவைத்தால், 10 கிலோ பழத்துக்குச் சுமார் 4 லிட்டர் விழுது கிடைக்கும். 15 கிலோ பெட்டி என்றால் அரை லிட்டர் பாட்டில்கள் ஒரு டஜன்.

அடுத்த வேலையில் கவனம் தேவை. தக்காளி புளிப்புதான் என்றாலும், சில ரகங்களிலும் மிகப் பழுத்த பழத்திலும் புளிப்பு போதாது. அமிலகார நிலை 4.6-க்கு மேலே போனால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் ‘பொட்டுலிசம்’ என்ற உயிர்க்கொல்லி நோயை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும். அதற்கு வாசனையோ நிற மாற்றமோ இல்லாமலும் போகலாம். அதனால் ஒவ்வொரு அரை லிட்டர் பாட்டிலிலும் கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் போட வேண்டும். மளிகைக் கடையில் ‘லெமன் சால்ட்’ என்று கேட்டால் தருவார்கள். எலுமிச்சைச் சாறு போதாதா என்று கேட்கலாம். பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும் என்பதால், அதை நம்புவதைவிட இது நிச்சயமானது.

கொதிக்கும் விழுதைச் சூடான பாட்டிலில், மேலே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஊற்றி மூட வேண்டும். காற்றுப் புகாத உலோக மூடியுள்ள கண்ணாடி பாட்டிலாக இருக்கட்டும். மூடி புதிதாக இருப்பது நல்லது. பெரிய பாத்திரத்தின் அடியில் துணியை விரித்து, பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கும்படி ஊற்ற வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 35 நிமிடம் கணக்கு. உயரம் கூடினால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால், கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் 40 நிமிடம், 900 மீட்டருக்கு மேல் 45, ஊட்டி, கொடைக்கானல் என்றால் 50. ஆறியதும் மூடியின் நடுப்பகுதி உள்வாங்கியிருந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம். உள்வாங்காத பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடலாம். மற்றவை வெயில் படாத அலமாரியில் ஒரு வருடம் வரை இருக்கும். பின்னால் எப்போதாவது மூடி உப்பினாலோ, கசிந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், எண்ணெய் எதையும் இந்த பாட்டிலில் சேர்க்கக் கூடாது. காய்கள் புளிப்பைக் குறைத்துவிடும். தாளிப்பதையெல்லாம் பாட்டிலைத் திறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சோள மாவு இல்லாத சூப்

கல்யாணப் பந்தியில் வரும் தக்காளி சூப்பில் பாதி சோள மாவு, மீதி சிவப்புச் சாயம். வீட்டில் அதற்கு அவசியமே இல்லை.

நாலு பேருக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் போதும். பாட்டில் இல்லையென்றால் ஒரு கிலோ பழம். இரண்டு ஸ்பூன் எண்ணெய் அல்லது வெண்ணெயில் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, நறுக்கிய ஒரு கேரட் மூன்றையும் சிறு தீயில் நிறம் மாறாமல் வதக்க வேண்டும். நாட்டுத் தக்காளியின் புளிப்பைச் சமன்செய்ய சர்க்கரை எதற்கு? அந்த வேலையைக் கேரட் செய்துவிடும். விழுதையும், அதே பாட்டிலால் ஒன்றரை பாட்டில் தண்ணீரையும் ஊற்றி, 20 நிமிடம் கொதித்ததும் கடைந்து, உப்பும் தட்டிய மிளகும் சேர்த்தால் சூப் தயார். தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன், எண்ணெயோடு சேர்ந்து வேகும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது. வைட்டமின் சி மட்டும் கொதியில் குறையும்.

கெட்டியாக வேண்டுமானால், இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் முந்தைய நாள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் குழைய விடுவார்கள். காய்ந்த ரொட்டியை வீணாக்கக் கூடாது என்று ஏழை வீடுகளில் பிறந்த சமையல் அது. வதக்கும்போதே ஒரு ஸ்பூன் பச்சரிசி சேர்த்தாலும் அதே பதம் வரும். பால் ஊற்றுபவர்கள் கொதிக்கும் சூப்பில் ஊற்றித் திரிந்துபோனதாகப் புலம்புவதுண்டு. அடுப்பை அணைத்து, சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலில் கலந்தால் அந்தச் சிக்கல் குறையும்.

மேலே தூவ இத்தாலியர்கள் பயன்படுத்தும் ‘பேசில்’ இலை, நம் ஊர் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். அதன் விதையைத்தான் சப்ஜா என்று வாங்குகிறோம். நம்முடையதில் வாசனை தூக்கல் என்பதால் நாலைந்து இலை போதும்.

அடுப்பங்கரை ரொட்டி

இந்த சூப்புக்குத் தோதான ரொட்டி ஃபொகாச்சா. லத்தீனில் ‘ஃபோக்கஸ்’ என்றால் அடுப்பங்கரை. தணலில் சுட்ட தட்டை ரொட்டி என்பதால் அந்தப் பெயர். ஜெனோவா நகரத்தில், மாவில் விரலால் குழி குத்தி, அந்தக் குழிகளில் உப்புத் தண்ணீரும் ஆலிவ் எண்ணெயும் நிற்கும்படி ஊற்றிச் சுடுவார்கள். தெற்கே பாரி நகரத்து ஃபொகாச்சா நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. மாவில் ரவையும் அவித்த உருளைக்கிழங்கும் கலந்து, மேலே தக்காளியைப் பதித்துச் சுடுவார்கள்.

மைதா 400 கிராம், சன்ன ரவை 100 கிராம், அவித்து மசித்த உருளைக்கிழங்கு ஒன்று, உப்பு இரண்டு டீஸ்பூன், உடனடி ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 325 மில்லி. பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போடலாம். ரொட்டி கொஞ்சம் கனமாக இருக்கும், தண்ணீரும் சற்றுக் கூட வேண்டும். மாவு சப்பாத்தி மாவு மாதிரி இருக்கக் கூடாது, கையில் ஒட்ட வேண்டும். பயந்து மாவைக் கூட்டினால் ரொட்டி கல்லாகிவிடும். பிசையத் தேவையில்லை. கையை நனைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை நாலு ஓரத்தையும் இழுத்து நடுவில் மடித்தால் போதும். இப்படி மூன்று முறை. நம் வெயிலுக்கு ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகப் பொங்கிவிடும். மார்கழியில் கூடுதல் நேரம் பிடிக்கும்.

தட்டில் தாராளமாக எண்ணெய் ஊற்றி மாவைப் பரப்ப வேண்டும். ஆலிவ் எண்ணெய்தான் வேண்டும் என்றில்லை. அவரவர் தோட்டத்தில் விளைந்ததை ஊற்றுவதுதான் அந்த ஊர்க்காரர்களும் செய்தது. செக்குக் கடலை எண்ணெய் நன்றாகவே பொருந்தும். அரை மணி நேரம் கழித்து, எண்ணெய் தொட்ட விரல்களால் அடி வரை குழி குத்தி, பாதியாக வெட்டிய சிறிய தக்காளிகளை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி அழுத்தி வைத்து, கல் உப்பைப் பொடித்துத் தூவலாம். ‘ஆரிகனோ’வுக்குப் பதில் பொடியாக நறுக்கிய ஓமவல்லி இலை ஒன்று. இரண்டு போட்டால் கஷாய வாசனை வந்துவிடும்.

மின்சார அவனில் 220 டிகிரியில் 25 நிமிடம். அவன் இல்லாத வீட்டில், அடி கனமான இரும்புச் சட்டியில் மாவை வைத்து, சிறு தீயில் மூடி, மூடியின் மேல் விறகுத் தணலைப் பரப்பினால் போதும். பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 20 நிமிடத்தில் ஒருமுறை திறந்து பார்த்து, மேல்பகுதி பொன்னிறமானதும் எடுத்துவிடலாம்.

விற்கலாமா?

பத்து பாட்டில் நன்றாக வந்ததும் விற்கத் தோன்றும். வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு இல்லாமல் உணவுப்பொருளை விற்கக் கூடாது. ஒவ்வொரு தொகுதியிலும் புளிப்பு அளவைச் சோதிக்க வேண்டும். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் நிறுவனத்தில் தக்காளி உள்ளிட்ட விளைபொருட்களை மதிப்புக் கூட்டுவதற்கான பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கின்றன. முதலில் அங்கே விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது.

பி.கே.எம்-1 போன்ற ரகம் வைத்திருப்பவர்கள் வேகவைப்பதற்கு முன்பே நல்ல பழங்கள் பத்தைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். வெந்த விதை முளைக்காது. அந்தப் பழங்களின் விதையைச் சாற்றோடு பிழிந்து, ஒரு நாள் புளிக்கவிட்டு, கழுவி நிழலில் உலர்த்தினால் அடுத்த போகத்துக்கு விதை தயார். ஹைபிரிட் ரகத்தில் இப்படி எடுத்தால் தாய்ச்செடியின் குணம் வராது.