மாற்ற வேண்டியது கம்ப்யூட்டரா, ஒரு பாகமா?

2017-ல் நடுத்தர பட்ஜெட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களில் பலர் கடைசியில் ஏறத்தாழ ஒரே மாதிரி பில்லோடுதான் வீடு திரும்பினார்கள்: இன்டெல் ஐ5-7400 ப்ராசஸர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். 2016 ஜூலையில் வெளியான அந்த 1060, ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2022 இறுதியில்தான் ஜிடிஎக்ஸ் 1650-க்கு இடம் விட்டது. அந்த சிஸ்டம்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்போது பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை இப்போது சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும். முதல் ஆசையே புது கம்ப்யூட்டராகத்தான் இருக்கும்.

கடையில் கேட்டால், "எட்டு வருஷம் ஆச்சு, எல்லாத்தையும் மாத்திடுங்க" என்பார்கள். வயதை வைத்து மட்டும் சொல்லப்படும் இந்தப் பதிலை ஏற்க எனக்கு மனமில்லை. கம்ப்யூட்டர் என்பது ஒரு பொருள் அல்ல, ஏழெட்டுப் பாகங்களின் கூட்டு. நீங்கள் ஆடும் விளையாட்டில் எந்தப் பாகத்துக்காக மற்ற பாகங்கள் காத்துக் கிடக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டால், செலவு ஒரு லட்சமா, சில ஆயிரமா, ஒன்றுமே இல்லையா என்பது தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

திரையில் ஒரு காட்சி உருவாகும் விதத்தை முதலில் பார்த்துவிடலாம். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, எதை எதை வரைய வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்து உத்தரவு போடுவது ப்ராசஸர். அதை வரைந்து முடிப்பது கிராஃபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமானால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. பரோட்டா கடையில் மாவை வீசுபவர் ஒருவர், கல்லில் போட்டு எடுப்பவர் இன்னொருவர். வீசுபவர் தாமதித்தால், கல்லை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் தட்டுக்குப் பரோட்டா சீக்கிரம் வராது. ப்ராசஸர் திணறும் கம்ப்யூட்டரில் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைச் செருகிவிட்டு, "ஒண்ணுமே மாறலையே" என்று தவிப்பவர்களுக்கு நேர்வது இதுதான்.

திணறுவது யார் என்று பார்க்க எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதனுடன் வரும் ரிவாட்யூனரைச் சேர்த்து நிறுவினால், ஆடும்போதே திரையின் மூலையில் எண்கள் ஓடும். நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டையே, அதிலும் கூட்டமும் வெடிச் சத்தமும் மிகுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் ஆடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 97, 98 என்று நின்றால் கார்டு தன் முழு பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் எல்லை. அது 60, 70-ல் உலாவிக்கொண்டிருக்க, ஃப்ரேமும் குறைவாக வந்தால் ப்ராசஸர்மீது சந்தேகப்படலாம். அதற்கு முன் விளையாட்டின் அமைப்புகளில் ஃப்ரேம் வரம்போ வி-சிங்கோ போட்டு வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ப்ராசஸரின் மொத்தப் பயன்பாடு 55 சதவீதம் என்று காட்டும், 'பாதிதானே வேலை செய்கிறது' என்று தோன்றும். ஐ5-7400-ல் இருப்பது நான்கு கோர். விளையாட்டின் முக்கிய வேலை ஒரே கோரில் குவிந்து அது 100-ஐத் தொட்டு நிற்க, மற்ற மூன்றும் 40-ல் இருந்தால் சராசரி 55 என்றுதான் வரும். ஆகவே கோர் கோராகப் பார்க்க வேண்டும். உறுதி செய்துகொள்ள எளிய வழி, ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குவது. வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. ஃப்ரேம் எகிறினால் கார்டுதான் தடையாக இருந்தது. அசையாமல் அதே எண்ணில் நின்றால், கார்டை மாற்றி ஒரு பயனும் இல்லை.

சராசரி எஃப்.பி.எஸ். (நொடிக்கு வரும் ஃப்ரேம்) மட்டும் போதாது. சராசரி 70 என்று காட்டும், ஆனால் சில நொடிகளுக்கு ஒருமுறை ஆட்டம் உறைந்து உறைந்து நகரும். பிள்ளைகள் 'லேக் அடிக்குது' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். இதைப் பிடிக்க '1 சதவீத லோ' என்ற எண்ணையும் (மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம்) ஆஃப்டர்பர்னரில் போட்டுக்கொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொண்ட 2017 சிஸ்டத்தில் இந்த உறைதலுக்குக் காரணம் கார்டோ ப்ராசஸரோ அல்லாமல், ரேமும் ஹார்ட் டிஸ்க்குமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸ், பிரவுசர், டிஸ்கார்ட் எல்லாம் எடுத்துக்கொண்டது போக 8 ஜி.பி.யில் விளையாட்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம். போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் இடம் தேடும். சுழலும் தட்டில் முள் ஒவ்வோர் இடமாக நகர்ந்து தேடுவதற்கே சுமார் 10 மில்லி நொடி ஆகும். ஒரு ஃப்ரேமுக்கே 16.7 மில்லி நொடிதான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்ட், எஸ்.எஸ்.டி. இல்லாமல் ஆடவே கூடாது என்று குறைந்தபட்சத் தேவையிலேயே எழுதிவிட்டது. சைபர்பங்க் 2077-ம் அதே ஆண்டு ஹார்ட் டிஸ்க்கைத் தன் தேவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

என்னைக் கேட்டால், பழைய சிஸ்டத்துக்குச் செய்யும் செலவிலேயே மிகவும் பயனுள்ளது எஸ்.எஸ்.டி.தான். அடுத்தது இன்னொரு 8 ஜி.பி. ரேம். ஒற்றைக் குச்சியில் ஒரு சேனல்தான் வேலை செய்யும். இரண்டாவது குச்சி சரியான ஸ்லாட்டில் ஏறியதும் ப்ராசஸருக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை இரட்டிப்பாகிறது. ஆனால் இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் பசிக்கு மெமரி நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டன. மைக்ரான் நிறுவனம், வீட்டு உபயோகத்துக்கு விற்றுவந்த குருஷியல் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சிஸ்டத்தை முழுதாக மாற்றுவது என்றால் பெரும்பாலும் டி.டி.ஆர்.5 ரேமைப் புதிதாக வாங்கியாக வேண்டும். கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 குச்சிகளுக்கு இப்போது இருக்கும் மதிப்பு முன்பு இருந்ததில்லை.

ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். நம் ஊரில் கேமிங் கம்ப்யூட்டரின் முதல் எதிரி வெப்பமும் தூசியும்தான். யூடியூபில் நாம் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் குளிர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மாடி அறையின் வெப்பம் 36, 37 டிகிரி இருக்கும்போது கணக்கே வேறு. காற்றால் குளிரும் கம்ப்யூட்டரில் அறை வெப்பம் எத்தனை டிகிரி கூடுகிறதோ, சிப்பின் வெப்பமும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடும். 1060 கார்டு 83 டிகிரியைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, அதை நெருங்கும்போது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கியபோது நன்றாக ஓடி, இருபது நிமிடத்தில் மந்தமானால் இதுதான் நடக்கிறது. ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் தூசியை ஊதித் தள்ளுங்கள். ப்ராசஸர்மீது காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். ஆட்டத்தின் நடுவே கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்துபோனால் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஐச் சோதிக்க வேண்டும். அதைச் சரிபார்க்காமல் புதுக் கார்டு வாங்குவது ஆபத்து.

இத்தனையும் செய்து, எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் கடக்க முடியாத சுவர்கள் சில உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' இரண்டுக்கும் ரே ட்ரேசிங்கைச் சிப்பிலேயே செய்யும் கார்டு கட்டாயம். 1060-ல் அந்த வசதி இல்லை. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கான வழக்கமான கேம் டிரைவர்களையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். நம் 7400 ஏழாம் தலைமுறை, ஒரே படியில் தவறிவிட்டது.

அந்த 2017-ஐ நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஜனவரியில் 7400 வந்தது. அக்டோபரில் ஆறு கோருடன் ஐ5-8400 வந்துவிட்டது. சாக்கெட்டின் பெயர் ஒன்றே என்றாலும் பழைய மதர்போர்டு அதை ஏற்காது. அதே ஆண்டு ஏ.எம்.டி.யின் ரைசன் 5 1600 வாங்கியவர்களுக்கோ கதவு திறந்தே இருந்தது. பயாஸை மட்டும் அப்டேட் செய்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 5 5600-ஐ அதே பி350 போர்டில் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. அதே ரேம், அதே கேபினெட், விண்டோஸ் 11-ம் ஏறும். உங்களிடம் இருப்பதும் அதேபோன்ற ஏ.எம்4 சாக்கெட் போர்டு என்றால் முழு சிஸ்டத்தை மாற்றும் பேச்சுக்கே போகாதீர்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது.

சில விளையாட்டுகள் 'செக்யூர் பூட் வேண்டும்', 'டி.பி.எம். வேண்டும்' என்று பாதுகாப்பு வசதிகளைக் கேட்டு ஓட மறுக்கும். விண்டோஸ் 11-ல் வாலரன்ட், எந்த விண்டோஸிலும் பேட்டில்ஃபீல்ட் 6 அப்படிப்பட்டவை. இதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் காலாவதியாகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பல போர்டுகளில் அந்த வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

அளந்து பார்த்ததில் கார்டுதான் தடை என்று தெரிந்தால் தயங்காமல் கார்டை மாற்றுங்கள், ஆனால் பழைய போர்டின் தன்மை தெரிந்து மாற்றுங்கள். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. மலிவு என்று பலர் வாங்கினார்கள். அது போர்டுடன் பேசுவது நான்கே லேன்களில், அதாவது தரவுப் பாதைகளில். பி.சி.ஐ.இ. 3.0 மட்டுமே உள்ள பழைய போர்டில் செருகினால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும், 4 ஜி.பி. மெமரி நிரம்பியதும் ஆட்டம் தடுமாறும். ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு எட்டு லேன், இழப்பு குறைவு. மின்சாரமும் 115 வாட்தான், பழைய 1060-ன் 120 வாட்டைவிடக் குறைவு. நல்ல எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் அதையும் மாற்ற வேண்டியதில்லை. மானிட்டரையும் ஒருமுறை பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 140 ஃப்ரேமைக் கார்டு வரைந்தாலும் திரை காட்டுவது நொடிக்கு 60 தடவைதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் விண்டோஸ் அமைப்பில் 60-லேயே விட்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது இளைஞர்கள் கார்டு தேடி அலைவதற்கு ஒரு பெரிய காரணம் ஜிடிஏ 6. அதற்காகவே பணம் சேர்ப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ராக்ஸ்டார் நிறுவனம் 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்தது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டுக்கும் மட்டும்தான். ஜிடிஏ 5 கன்சோலில் வந்தது 2013 செப்டம்பரில், கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. கம்ப்யூட்டருக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலே வராத விளையாட்டுக்காக, ரேம் விலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் முழு சிஸ்டம் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து எஸ்.எஸ்.டி.யும் தெர்மல் பேஸ்ட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை வங்கியில் விட்டுவைக்கலாம். ஜிடிஏ 5 இன்றும் அந்த 1060-ல் 1080பி-யில் நன்றாகவே ஓடுகிறது.